பணப்பயன் எந்த நாள் முதல்?

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஊதிய உயர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை விழுக்காடு உயர்ந்தது, மாதத்துக்கு எத்தனை ஆயிரம் கூடியது என்னும் கேள்விகளே முன்வந்து நிற்கின்றன. ஆனால் ஊதிய நிர்ணயக் கோப்புகளோடு பழகியவர்கள், அரசாணை கைக்கு வந்ததும், விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது எந்த நாள் முதல் நடைமுறைக்கு வருகிறது என்ற வரியைத் தேடுவார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இந்த வரலாற்றைத் தேதிகளின் வழியாகப் பார்த்தால்தான் அது சரியாக விளங்கும் என்பது என் கருத்து.

மாநிலத்தின் முதல் ஊதியக் குழுவின் விகிதங்கள் 1960 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இரண்டாவது குழுவின் விகிதங்களுக்கு 1970 அக்டோபர் 2, அதாவது காந்தி பிறந்த நாள், தொடக்க நாளாயிற்று. மூன்றாவதற்கு 1978 ஏப்ரல் 1. நான்காவதற்கு 1984 அக்டோபர் 1. ஐந்தாவதற்கு 1988 ஜூன் 1. இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முதல் இடைவெளி பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேல், அடுத்தது ஏழரை, அதற்கடுத்தது ஆறரை, கடைசி இடைவெளி நான்கு ஆண்டுகூட இல்லை. விலைவாசி ஏற ஏற மாநிலம் தன் நாட்காட்டியைத் தானே சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

1989ஆம் ஆண்டு இந்தப் போக்கு திசை மாறியது. மத்திய அரசு ஊழியர்களுக்கு இணையான ஊதியம் என்பது ஊழியர் சங்கங்கள் நெடுங்காலம் எழுப்பிவந்த கோரிக்கை. அந்த ஆண்டு ஜூன் மாதம் வெளியான அரசாணை, 1988 ஜூன் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்டு அக்கோரிக்கையை ஏற்றது. அதன் பிறகு மாநிலம் தனியே ஊதியக் குழுவை அமைக்கவில்லை. மத்திய ஊதியக் குழு பரிந்துரை செய்யும், மாநிலத்தில் உயர் அலுவலர்களைக் கொண்ட குழு அதைப் பரிசீலித்து உரிய மாற்றங்களோடு ஏற்கும் என்பதே வழக்கமாயிற்று. நெல்லைச் சீமையைச் சேர்ந்த நீதியரசர் இரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது மத்தியக் குழுவின் பரிந்துரைகள் 1998 ஏப்ரல் மாத அரசாணையின் மூலம் இங்கே வந்தன. இணை ஊதியம் பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விலையாக, பத்து ஆண்டுக்கு ஒரு முறை என்னும் தில்லியின் நாட்காட்டி நம்முடையதாகிவிட்டது. 1996, 2006, 2016 என மூன்று முறையும் தொடக்க நாள் ஜனவரி 1தான்.

தொடக்க நாளை ஏற்றுக்கொண்ட மாநிலம், பணம் கொடுக்கும் நாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும் ஊதியம் உயரும் நாளாக ஒரு தேதி, பணப்பயனுக்கு, அதாவது அந்த உயர்வு கையில் பணமாகக் கிடைப்பதற்கு வேறொரு தேதி என்ற ஏற்பாடு இதுதான். 2009 ஜூன் 1 அன்று வெளியான அரசாணையின்படி புதிய ஊதியம் 2006 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டாலும், பணப்பயன் 2007 ஜனவரி 1 முதல்தான். அந்த நிலுவையும் தவணைகளாகவே வழங்கப்பட்டது. 2017 அக்டோபர் 11 அரசாணையில் இந்த இடைவெளி இன்னும் நீண்டது. 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாகவும், 2017 அக்டோபர் 1 முதல் பணமாகவும் உயர்வு வழங்கப்பட்டதால், 21 மாத நிலுவை இல்லை என்றாயிற்று. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இந்த 21 மாதங்களும் இடம்பெற்றிருந்தன.

அந்த 21 மாதங்களின் மதிப்பு என்ன என்பதைக் கடைநிலை ஊழியர் ஒருவரின் கணக்கைக் கொண்டு பார்ப்போம். பழைய முறையில் குறைந்தபட்சம் 4,800 ரூபாய் ஊதியமும் பதவியின் நிலைக்கேற்பச் சேர்க்கப்பட்ட 1,300 ரூபாய் தர ஊதியமும் சேர்ந்து 6,100 ரூபாய். இதை 2.57 என்னும் காரணியால் பெருக்கி முழுமையாக்கினால் 15,700 ரூபாய். ஊதியம் இரண்டரை மடங்காகிவிட்டது என்று வெளியில் பேசப்பட்டது இதைத்தான். உண்மையில் 2016 ஜனவரி 1 அன்று, விலைவாசி உயர்வை ஈடுகட்ட ஊதியத்தோடு தரப்படும் அகவிலைப்படி 125 விழுக்காடாக இருந்தது. ஆகவே அவர் அப்போதே 13,725 ரூபாய் பெறத் தகுதியுடையவர். உயர்வு 1,975 ரூபாய், அதாவது ஏறத்தாழ 14 விழுக்காடு. பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் உயர்வு இவ்வளவுதான். இடையில் மாறிய அகவிலைப்படிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 21 மாதங்களில் அவருக்குக் கிடைக்காமற்போனது ஏறத்தாழ 40,000 ரூபாய். இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்: அந்தத் திருத்தத்தால் ஆண்டுக்கு 14,719 கோடி ரூபாய் கூடுதல் செலவாகும் என்று அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட சுமையில் 21 மாதங்களைக் கழிப்பது நிதித்துறைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தேதி ஒன்று ஒரே பணியில் இருப்பவர்களை இரண்டாகப் பிரித்துவிடுவதும் உண்டு. இடைநிலை ஆசிரியர்களின் பழைய ஊதிய விகிதம் 4,500 ரூபாயில் தொடங்கியது. 2009இல் பெருக்கல் காரணி 1.86. எனவே முன்பே பணியில் இருந்தவருக்குத் தொடக்க ஊதியம் 8,370 ரூபாய் என நிர்ணயமாயிற்று. 2009 ஜூன் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் சேர்ந்தவருக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. ஊதியக் கட்டின் அடிநிலையான 5,200 ரூபாயிலேயே அவர் தொடங்க வேண்டும். அதே வகுப்பறை, அதே பாடத்திட்டம், ஆனால் அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வேறுபாடு. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள் இன்றுவரை கேட்டுவருவதன் வேர் இங்கே இருக்கிறது. ஒரு நபர் குழுக்களும் குறைதீர் குழுக்களும் பலவகை முரண்பாடுகளை ஆராய்ந்தபோதும், இந்த வேறுபாடு அப்படியே நின்றது. ஓய்வூதியத்தில் இதைவிட ஆழமான கோட்டை 2003 ஏப்ரல் 1 கிழித்தது. அந்நாள் முதல் சேர்ந்தவர்கள், ஊழியரின் ஊதியத்திலிருந்தும் பங்கு பிடிக்கப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். அதே ஆண்டு ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

அகவிலைப்படியும் இந்த விதிக்கு உட்பட்டதே. நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி ஜனவரியிலும் ஜூலையிலும் அது உயரும். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. மத்திய அரசு 2021 ஜூலையில் உயர்வை மீண்டும் வழங்கியது; இங்கே 17இலிருந்து 31 விழுக்காடாக உயர்ந்தது 2022 ஜனவரி 1 முதல்தான். ஆறு மாதம் மத்திய ஊழியருக்கும் மாநில ஊழியருக்கும் இடையே இருந்த இணை, காகிதத்தில் மட்டும் இருந்தது.

இப்போது எட்டாவது மத்திய ஊதியக் குழு, நீதியரசர் ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் பணியாற்றி வருகிறது. 2025 நவம்பரில் அமைக்கப்பட்ட அக்குழுவுக்கு அறிக்கை அளிக்க 18 மாதங்கள் தரப்பட்டுள்ளன. அந்த அறிக்கையை மத்திய அரசு ஏற்று, பின்னர் மாநில அலுவலர் குழு பரிசீலித்து, அரசாணை வெளிவருவதற்குள், பத்தாண்டு வழக்கப்படி கருத்தியல் தேதியாகக்கூடிய 2026 ஜனவரி 1 வெகுதொலைவு பின்னால் போயிருக்கும். அந்த இடைவெளிக்கு நிலுவை உண்டா இல்லையா என்பதை மாநில அரசின் ஆணையில் உள்ள ஒரே ஒரு வரி தீர்மானிக்கும். நன்றி, வணக்கம்.