வெறுங்கையோடு கடல் கடக்கலாமா?

(பள்ளி மாணவர் பரிமாற்றப் பயணத் திட்டத்தின் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இப்பள்ளியின் தாளாளர் அம்மையார் அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பரிமாற்றத் திட்டத்தின் பொறுப்பை மனமுவந்து ஏற்றிருக்கும் வரலாற்று ஆசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளே, அடுத்த கல்வியாண்டில் கடல் கடந்து செல்லப் பெயர் கொடுத்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உடல்நலம் முழுமையாகத் தேறாத நிலையிலும் விழாத் தலைவர் அவர்கள் இங்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருப்பது, இத்திட்டத்தின் மீது அவர்கள் வைத்திருக்கும் அக்கறைக்குச் சான்றாகும். எத்தனையோ பணிகளுக்கிடையே தொடர்ந்து கடிதம் எழுதி, அயல்நாட்டுப் பள்ளி ஒன்றின் இசைவைப் பெற்றுத் தந்த தாளாளர் அம்மையாருக்கு இந்த மேடையில் நன்றி சொல்லாமல் மேலே பேசுவது முறையாகாது.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். அயல்நாட்டு வகுப்பறையில் நம் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும் என்பது ஒன்று. அங்குள்ள பண்பாட்டுச் சின்னங்களை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் போய்வரும்படி செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் அடிப்படையாக ஒரு பழமொழியை முன்வைக்கிறேன்: வெறுங்கை முழம் போடுமா?

படிப்புக்காகக் கடல் கடந்தவர்களில் என் மனத்தை விட்டு நீங்காதவர் இத்சிங் என்னும் சீனத் துறவி. அவர் கி.பி. 671இல் தென்சீனத் துறைமுகமான குவாங்சோவிலிருந்து பாரசீக வணிகர் ஒருவரின் கப்பலில் புறப்பட்டார். போக வேண்டிய இடம் நாளந்தா. ஆனால் அவர் நேரே நாளந்தாவுக்குப் போகவில்லை. சுமத்திரா தீவில் இருந்த ஸ்ரீவிஜயத்தில் இறங்கி, ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் பயின்றார். பிறகு வங்கக் கடலைக் கடந்து 673இல் தாமிரலிப்தித் துறைமுகத்தை அடைந்தவர், அங்கும் ஏறத்தாழ ஓராண்டு தங்கி மொழிப் பயிற்சியைத் தொடர்ந்தார். அதன் பின்னரே நாளந்தாவுக்குச் சென்று பத்து ஆண்டு கற்றார். எண்ணிப் பாருங்கள்: அந்த வகுப்பறையில் காலடி வைப்பதற்கு முன்பே ஓராண்டுக்கு மேல் ஆயத்தம்!

கதை அத்துடன் முடியவில்லை. ஏறக்குறைய நானூறு நூல்களைச் சேகரித்துக்கொண்டு திரும்பியவர், மீண்டும் ஸ்ரீவிஜயத்தில் தங்கி அவற்றைப் படியெடுக்கவும் மொழிபெயர்க்கவும் தொடங்கினார். தாளும் மையும் போதவில்லை. படியெடுக்க ஆளும் இல்லை. ஆகவே 689ஆம் ஆண்டு, குவாங்சோவுக்குப் புறப்படவிருந்த வணிகக் கப்பல் ஒன்றில் கடிதம் கொடுத்தனுப்பலாம் என்று துறைக்குச் சென்று கப்பலில் ஏறினார். அந்நேரம் பார்த்துச் சாதகமான காற்று வீசத் தொடங்கியது. வணிகர் பாயை விரித்துவிட்டார். இறங்க வழியில்லை. கடிதம் கொடுக்கப் போனவர் கடிதத்தோடு சேர்ந்து தாய்நாட்டுக்கே போய்ச் சேர்ந்தார். அத்தனை ஆண்டு உழைத்துத் தேடிய நூல்கள் அனைத்தும் தீவிலேயே கிடந்தன! வேறொருவராக இருந்தால், வந்தது வந்தாயிற்று என்று ஊரிலேயே இருந்திருப்பார். அவர் அப்படி இருக்கவில்லை. உதவிக்குத் துணைவர்களைத் திரட்டிக்கொண்டு அதே ஆண்டில் மீண்டும் கப்பலேறி ஸ்ரீவிஜயம் சென்று, தொடங்கிய பணியைத் தொடர்ந்தார். 695இல் அவர் நாடு திரும்பியபோது பேரரசி வூ செதியன் அவரை நேரில் வரவேற்றார். தமக்குப் பின் இந்தியாவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு அவர் எழுதிவைத்த அறிவுரை, ஓரிரு ஆண்டு ஸ்ரீவிஜயத்தில் தங்கிப் பயின்றுவிட்டுப் போங்கள் என்பது. வெறுங்கை முழம் போடாது என்பதை அந்தப் பெரியவர் தம் வாழ்க்கையால் காட்டினார்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். பரிமாற்றப் பயணத்தில் நம் மாணவர் அந்நாட்டு மாணவர் ஒருவரின் வீட்டில் தங்குவார். அவரோடு பள்ளிக்குச் செல்வார். இரு பள்ளி மாணவரும் சேர்ந்து ஓர் ஆய்வுப் பணியைச் செய்வார்கள். இந்த ஏற்பாட்டின் உயிர் அந்த வீட்டில் நடக்கும் உரையாடலில் இருக்கிறது. விருந்தோம்பும் குடும்பத்தின் பாட்டி ஏதோ கேட்க, நம் பிள்ளை புன்னகை மட்டும் செய்துவிட்டு அறைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்தால், அந்த மாலைப்பொழுது இருவருக்கும் வீண். ஒன்றோடொன்று போரிட்டு ஓய்ந்த பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, இளைஞர் பரிமாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒருவர் மொழியை மற்றவர் கற்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். அதே ஆண்டில் இரு நாடுகளுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகம் ஒன்றும் தோன்றி, இன்றுவரை இயங்கி வருகிறது. போக்குவரத்தும் மொழியும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதை அரசுகளே உணர்ந்திருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டாவது செய்தி, பார்க்கும் முறை. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 35,000 படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டாலும், உண்ணாமல் உறங்காமல் நின்றால் 24 நாள் வேண்டும். சுற்றுலா நிரலில் அதற்கு ஒதுக்கப்படுவதோ பெரும்பாலும் அரை நாள். ஆகவே எதைப் பார்ப்பது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரொசெட்டா கல், ஒன்றும் அறியாமல் போகிறவருக்கு எழுத்துகள் நிறைந்த கருங்கல் துண்டு. 1799இல் எகிப்தில் கிடைத்த அந்தக் கல்லில் ஒரே ஆணை மூன்று எழுத்துமுறைகளில் வெட்டப்பட்டிருப்பதையும், அதைக்கொண்டு 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்ததையும் படித்துவிட்டுப் போகும் மாணவி, அதன் முன்னால் வேறு கண்ணோடு நிற்பாள்.

ஜப்பானியப் பள்ளிகளை இங்கே பாராட்டியாக வேண்டும். 1886 முதல் தொடரும் பள்ளிப் பயண மரபு அவர்களுடையது. பயணத்துக்கு முன்பே செல்லும் இடத்தைப் பற்றிப் படிப்பதும், திரும்பியபின் கற்றதைத் தொகுத்து அளிப்பதும் அவர்களிடம் பயணத்தின் பகுதிகளாகவே கருதப்படுகின்றன. ஹிரோஷிமாவுக்குப் போகும் மாணவர்கள், அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று 1955இல் பன்னிரண்டு வயதில் இறந்த சடாகோ என்ற சிறுமியின் வரலாற்றைப் படித்து, பள்ளியிலேயே காகிதக் கொக்குகளை மடித்துக் கோத்து எடுத்துச்சென்று, 1958இல் எழுப்பப்பட்ட சிறுவர் அமைதி நினைவுச் சின்னத்தில் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு போவதில்லை. மடித்த ஒவ்வொரு கொக்கும் அவர்கள் படித்ததை நினைவூட்டுகிறது.

இந்த அவையிடம் நான் வேண்டுவது இதுதான். பயணச்சீட்டுக்கு முன்பணம் கட்டும் நாளுக்கு முன்பே ஆயத்த வகுப்பு தொடங்க வேண்டும். ஆறு மாத காலம், வாரந்தோறும் இரண்டு பாடவேளைகள், கால அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். அதில் பாதி நேரம் விருந்தளிக்கும் நாட்டின் மொழிக்கு. வணக்கம் சொல்லவும், வழி கேட்கவும், நலம் விசாரிக்கவும், நன்றி கூறவும், தன் வீட்டைப் பற்றிப் பத்து வாக்கியம் தடையின்றிப் பேசவும் ஒவ்வொரு மாணவருக்கும் வர வேண்டும். மீதி நேரத்தில் மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: அந்நகரின் ஆற்று நீர் எப்படித் தூய்மை செய்யப்படுகிறது, அங்குள்ள பள்ளி நூலகம் எப்படி இயங்குகிறது என்பனபோல. அக்கேள்வியை இணையவழியில் அந்தப் பள்ளி மாணவரோடு முன்னதாகவே பேசத் தொடங்கலாம். ஐரோப்பாவில் 2005 முதல் பள்ளிகள் இணையவழியே கூட்டுப் பணிகளைச் செய்து வருகின்றன. நாமும் செய்ய முடியும். வகுப்புக்கு ஒழுங்காக வராதவர், எவ்வளவு வசதி படைத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பயணக் குழுவில் இடம்பெறக் கூடாது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

மூன்றாவதாகச் செலவைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். எனக்குப் பின் பேசவிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர் அவர்கள் அதை என்னிலும் நன்கு அறிந்தவர். அவருக்குரிய நேரத்தை நான் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆயத்த வகுப்புக்கான மொழியாசிரியரின் ஊதியத்தைப் பயணச் செலவின் முதல் வரியாக எழுதுங்கள் என்று மட்டும் அவரைக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வகுப்புக்குரிய வரைவு அட்டவணையை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அதைத் தாளாளர் அம்மையாரிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே அது விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று வேண்டுகிறேன். வணக்கம்.