காயம்பட்டவரைத் தேடி வானிலிருந்து குதித்த மருத்துவர்: லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ்

[திரையில்: கொரியத் தீபகற்பத்தின் வரைபடம். தெற்கே தேகு நகரம், சியோலுக்கு வடக்கே முன்சன்-னி.]

வணக்கம். 1951-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் தேகு விமானத் தளத்திலிருந்து புறப்பட்ட போர் விமானப் போக்குவரத்து அணி, வடமேற்கே பறந்து முன்சன்-னி என்ற ஊரின் மேல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாராசூட் வீரர்களை இறக்கியது. அவர்கள் அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படையைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு சேர்ந்து 12 இந்தியர்களும் குதித்தார்கள். அந்தப் பன்னிருவரும் மருத்துவப் பிரிவினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், பெயரின் முதல் சொல்லிலேயே ஆற்காட்டைச் சுமந்திருந்த ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்.

ஓர் இராணுவ மருத்துவரின் வளர்ச்சியை அவருடைய தோள்பட்டையில் ஏறும் நட்சத்திரங்களைக் கொண்டு கணக்கிடுவதே வழக்கம். ரங்கராஜின் வாழ்க்கையைப் படிக்கும்போது அந்தக் கணக்கு போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பணியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தத் தூரத்தை அவர் எப்படிக் குறைத்தார் என்பதையே இந்தக் காணொளியில் விளக்கப் போகிறேன்.

[திரையில்: 1941, புதுதில்லி.]

1941-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் பாராசூட் படைப்பிரிவான 50-ஆவது பிரிகேடு தில்லியில் உருவாக்கப்பட்டது. அதன் 152-ஆவது இந்திய பட்டாலியனுக்கு மருத்துவ அதிகாரியாக வந்தவர், அப்போது லெப்டினன்ட் பதவியில் இருந்த ரங்கராஜ். பட்டாலியனின் மருத்துவ அதிகாரி என்றால் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நிற்பவர் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. குடிநீர் சுத்தமாக இருக்கிறதா, கழிவறைக் குழி சமையலிடத்திலிருந்து போதிய தொலைவில் தோண்டப்பட்டிருக்கிறதா, மலேரியா மாத்திரையை வீரர்கள் உண்மையிலேயே விழுங்குகிறார்களா, நடந்து நடந்து பாதம் புண்ணானவர் யார் என்று அன்றாடம் பார்ப்பதே அந்தப் பதவியின் பெரும்பகுதி வேலை. வீரர்களோடு உண்டு, வீரர்களோடு உறங்கி, அவர்கள் போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டிய மருத்துவர் அவர்.

அந்த வீரர்கள் விமானத்திலிருந்து குதிக்கப் போகிறவர்கள் என்றால், மருத்துவர் என்ன செய்வது? ரங்கராஜும் குதித்தார். இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்கள் என்று அவருடைய பெயரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கின் பெயருமே பதிவாகியிருக்கின்றன. இந்திய இராணுவத்தில் அந்தத் துணிவுக்கு முன்னோடிகளான இருவரில் ஒருவர் மருத்துவர் என்பதைச் சொல்லும்போது, தமிழில் இதை இன்னும் அதிகமானோர் அறிந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு எழாமல் இல்லை.

ஒரு விளக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். தரைப்படை வீரர் ஒருவர் காயம்பட்டால் தூக்குப்படுக்கையில் முதலுதவி நிலையத்துக்கும், அங்கிருந்து முன்னணிச் சிகிச்சை நிலையத்துக்கும், பிறகு வாகனத்தில் பின்னால் உள்ள மருத்துவமனைக்கும் படிப்படியாகக் கொண்டுசெல்லப்படுவார். பாராசூட் வீரர்களுக்கு அந்த வழியே கிடையாது. அவர்கள் எதிரியின் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறார்கள். சொந்தப் படை சண்டையிட்டு வந்து சேரும்வரை சாலையும் இல்லை, வாகனமும் இல்லை. வயிற்றில் குண்டு பாய்ந்தவர் அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் அவர்களோடேயே இறங்கியாக வேண்டும்.

இதற்காகவே உருவானவை பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் பிரிவுகள். ஆம்புலன்ஸ் என்றதும் நம் கண்முன் வருவது விளக்கு சுழலும் வண்டி. இராணுவ வழக்கில் அச்சொல் குறிப்பது ஒரு முழுப் படைப்பிரிவை. மருத்துவர்கள், செவிலிய உதவியாளர்கள், தூக்குப்படுக்கை சுமப்பவர்கள், ஓட்டுநர்கள், எழுத்தர்கள், சமையற்காரர்கள் என நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து, பெயர்த்தெடுத்துக்கொண்டு நகரக்கூடிய ஒரு மருத்துவமனையாக இயங்குவார்கள்.

[திரையில்: 1950. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகள்.]

1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் கொரியப் போர் தொடங்கியது. அணி சேராக் கொள்கையை வகுத்துக்கொண்டிருந்த இந்தியா, போரிடும் படையை அனுப்பவில்லை. மருத்துவப் படையை அனுப்பியது. அதுதான் 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்திருந்த ரங்கராஜ் அதன் தலைவர். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடும், ஆறு மாதங்களுக்குத் தேவையான மருத்துவப் பொருள்களோடும் அந்தப் பிரிவு 1950 நவம்பர் 20-ஆம் நாள் பூசான் துறைமுகத்தில் இறங்கியது.

அவர்கள் வடக்கே பியோங்யாங் சேர்ந்த நேரத்தில் போரின் போக்கே மாறிவிட்டது. சீனப் படைகள் பெருந்தாக்குதலைத் தொடங்க, ஐக்கிய நாடுகளின் படைகள் டிசம்பர் தொடக்கத்தில் நகரத்தைக் காலி செய்யத் தொடங்கின. இந்தியப் பிரிவிடமோ பொருள்களை ஏற்றிச் செல்ல வாகனம் இல்லை. கருவிகளை அங்கேயே விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் தப்பிச் செல்லலாம் என்பதே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த வழி.

ரங்கராஜின் பணி வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கட்டம், பிறகு வந்த பதக்கத்தைவிடவும், இந்தச் சில மணி நேரமே. அறுவைக் கருவிகளும், கிருமி நீக்கும் கலன்களும், மருந்துப் பெட்டிகளும் இல்லாமல் தெற்கே போய்ச் சேரும் மருத்துவப் பிரிவு, குளிரில் நடுங்கும் முந்நூறு பேரைத் தவிர வேறொன்றுமில்லை. அடுத்த வாரம் காயம்பட்டு வருபவரை அவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே சமயம், கருவிகளைக் காப்பாற்றுவதற்காகத் தாமதித்தால் அந்த முந்நூறு பேரும் சிறைப்படலாம். இரண்டு பக்கமும் உயிர்கள். முடிவெடுக்க வேண்டியவர் ஒருவர்.

அவர்கள் ரயில் நிலையத்தில் தேடினார்கள். பழைய நீராவி எஞ்சின் ஒன்றும் சில பெட்டிகளும் கிடைத்தன. பிரிவில் எஞ்சினை இயக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கொதிகலனில் தண்ணீர் இல்லை. உறையவைக்கும் டிசம்பர் குளிரில், ஆள் பின் ஆளாக வரிசையில் நின்று, வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி அந்தக் கொதிகலனை நிரப்பினார்கள். கர்னல் முதல் சமையற்காரர் வரை எல்லோருக்கும் அன்று ஒரே வேலைதான் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்த ரயில் தெற்கே புறப்பட்டது. பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னதாக அதைக் கடந்தது.

[திரையில்: சற்று நேரம் வெறும் தண்டவாளம்.]

1941-இல் ரங்கராஜ் துணிந்தது தன் உடலை மட்டும் பணயம் வைத்து. 1950-இல் பணயம் வைத்தது பிறருடைய உயிர்களையும் சேர்த்து. இளம் மருத்துவரைத் தலைவராக்குவது இந்த மாற்றமே என்பது என் கருத்து. சக மனிதர்களின் உயிரைத் தன் சொல்லின் மேல் ஏற்றிக்கொள்ளும் அந்தப் பாரம் எந்த மருத்துவக் கல்லூரியிலும் பாடமாக இல்லை.

தெற்கே வந்தபின் பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி ரங்கராஜோடு 27-ஆவது காமன்வெல்த் பிரிகேடுடன் போர்முனையில் பணியாற்றியது. மற்றொரு பகுதி மேஜர் பானர்ஜியின் தலைமையில் தேகுவில் தங்கி, கொரிய இராணுவ மருத்துவமனைக்கும் பொதுமக்களுக்கும் உதவியது. சீருடை அணிந்தவர்களுக்காக வந்த மருத்துவர்கள் அங்கே அகதிக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தார்கள்.

இப்போது முன்சன்-னிக்குத் திரும்புவோம். பியோங்யாங்கிலிருந்து மீண்ட நான்காம் மாதத்தில், பிரிவின் தலைவரே, அறுவைச் சிகிச்சைக் குழுவோடு விமானத்தின் கதவருகே நின்றார். தளத்திலேயே இருந்து, இளையவர் ஒருவரை அனுப்பிவைக்க அவரால் முடிந்திருக்கும். இத்தகைய குதிப்பில் மருத்துவரின் வேலை தரையைத் தொட்டதும் தொடங்குகிறது. உடைந்த கணுக்கால்களும் குண்டுக் காயங்களும் அதே நிமிடத்தில் வந்து சேர்கின்றன. ஆனால் கத்தியும் கட்டுத்துணியும் தனிப் பாராசூட்டுகளில் எங்கோ இறங்கியிருக்கின்றன. முதலில் அவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். அதுவரை கையில் இருப்பதைக் கொண்டு இரத்தத்தை நிறுத்த வேண்டும். யாரை முதலில் மேசையில் ஏற்றுவது, யாரைக் காக்கவைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். எதிரியின் வீரர் காயம்பட்டுக் கிடந்தாலும் அவரும் அந்த வரிசையில் நோயாளியே.

இந்தப் போரில் ஆற்றிய பணிக்காக ரங்கராஜுக்கு மகா வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. போர்க்களத் தீரத்துக்காக இந்தியா வழங்கும் விருதுகளில் பரம் வீர் சக்ராவுக்கு அடுத்த நிலையில் இருப்பது அது. அவருடைய பிரிவு 1954 பிப்ரவரி வரை கொரியாவில் இருந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குச் சிகிச்சை, சுமார் 2,300 அறுவைச் சிகிச்சைகள் என்பது அந்தப் பிரிவின் பணியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தென்கொரிய அரசு 2020 ஜூலை மாதத்துக்கான போர் வீரராக ரங்கராஜை அறிவித்துப் போற்றியது. அவர் வளர்த்த பிரிவு இன்றும் இயங்குகிறது. 2023-இல் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இஸ்கெண்டெரூன் நகரில் மருத்துவமனை அமைத்தது 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவினர்தான்.

[திரையில்: ஆப்கானிஸ்தானின் மலைப்பாதை.]

பதக்கம் பெற்ற வீரரின் கதையைப் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடித்துவிடுகிறார்கள். அது ரங்கராஜுக்குச் செய்யும் அநீதி. இராணுவத்துக்குப் பின் அவர் உலக சுகாதார அமைப்பில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்துக்கு ஆலோசகராகச் சென்றார். 1967-இல் அந்த அமைப்பு பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கத் தீவிரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது.

அங்கேயும் நோயாளி மருத்துவரிடம் வரவில்லை. கிராமங்கள் மலைகளுக்கு அப்பால் இருந்தன. குளிர்காலத்தில் பனி வழிகளை அடைத்தது. அந்நியர் முன் பெண்கள் வருவதில்லை என்ற வழக்கத்தால் தாய்மார்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடுவது கடினமாயிற்று. இவற்றோடு, அம்மைப் பொருக்கையே எடுத்து வைத்திருந்து மற்றவர்கள் உடலில் செலுத்தும் பழைய வழக்கமும் சில பகுதிகளில் நீடித்தது. காக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட அதுவே சில ஊர்களில் புதிய தொற்றுக்கு வித்திட்டது. அப்படிச் செய்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களிடமிருந்த பொருக்கை வாங்குவதும் குழுக்களின் பணியாயிற்று.

தடுப்பூசி போட்டுக்கொண்டே போவதோடு, ஒரு நோயாளி இருக்கும் செய்தி கிடைத்ததும் அந்த ஊருக்கு விரைந்து, அவரைச் சுற்றியுள்ளவர்கள் அனைவருக்கும் ஊசி போட்டு, தொற்று வெளியேறாமல் வளையம் கட்டுவதே அந்தத் திட்டத்தின் மையமான உத்தி. வழியில்லாத இடத்துக்கு, சிறு குழுவோடு, தேவையானதைத் தானே சுமந்துகொண்டு போவதில் அந்த முன்னாள் பாராசூட் மருத்துவருக்கு முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது.

1972-இல் ஆப்கானிஸ்தானில் உள்நாட்டுப் பரவல் நின்றது. ஆனால் பணி நிற்கவில்லை. ஒரு நாட்டில் பெரியம்மை ஒழிந்தது என்று ஏற்க வேண்டுமானால், கடைசி நோயாளிக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தேடித் தேடி ஒருவரையும் காணாமல் இருக்க வேண்டும். எல்லை தாண்டி வந்த தொற்று 1973-இல் மீண்டும் தலைகாட்டி அடக்கப்பட்டது. அதன்பின் குழுக்கள் கிராமம் கிராமமாக நடந்து, முகத்தில் புதிய தழும்புள்ள குழந்தை எவராவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போயின. 1976-இல் சர்வதேசக் குழு வந்து பார்த்து உறுதி செய்தபோது, அந்த மலைகளில் அவர்களுக்குக் கிடைத்தவை பழைய தழும்புகள் மட்டுமே.