டர்பனுக்குச் சின்ன விமானம் போதும்

நேயர்களுக்கு வணக்கம். விமான நிலையத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர் என்ற முறையில், நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்னைக்கு ஏன் நேர் விமானம் இல்லை என்று பேசுங்கள் என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். கோவிலிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் கேட்கும் கேள்வியும் இதுதான். கேட்டு முடித்ததும், “நம் ஜனம் இவ்வளவு பேர் இருக்கிறோம், பெரிய விமானமாக ஒன்று விட்டால் நிரம்பி வழியுமே!” என்பார்கள். அந்தப் “பெரிய” என்ற வார்த்தையில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

நான் பார்த்த வேலைக்கு லோட் கண்ட்ரோல் என்று பெயர். விமானம் கிளம்பும் முன்னால் லோட் ஷீட் என்று ஒரு தாள் போடுவோம். வெறும் விமானத்தின் எடை, அதன் மேல் ஆட்கள், பெட்டிகள், சரக்கு, எரிபொருள். எல்லாவற்றையும் கூட்டி, அன்றைய வெயிலுக்கும் காற்றுக்கும் ஓடுபாதை நீளத்துக்கும் அந்த எடை தாங்குமா என்று பார்ப்போம். தாங்காது என்றால் எதையாவது இறக்கியாக வேண்டும். எரிபொருளில் கை வைக்க முடியாது. ஆட்களை இறக்க மனசு வராது. கடைசியில் பெட்டிதான் இறங்கும்.

ஒரு மழை நாளில் அப்படி இறங்கிய பெட்டிகளில் ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஊரில் பேத்தி கல்யாணத்துக்குப் போகிற ஒரு பாட்டியம்மாவின் அட்டைப்பெட்டி அது. சணல் கயிறு போட்டு நாலு பக்கமும் கட்டி, மேலே பெரிய எழுத்தில் மதுரை முகவரி எழுதியிருந்தது. அது பின்னால் வரும் என்று நான்தான் போய்ச் சொன்னேன். “கல்யாணம் முடிஞ்சப்புறம் வந்து என்னப்பா பிரயோஜனம்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அது இசிப்பிங்கோ பக்கம் இருந்த டர்பனின் பழைய விமான நிலையத்தில் நடந்தது. அங்கே ஓடுபாதை 2,440 மீட்டர்தான். பெரிய விமானம் ஒன்று முழு எரிபொருளும் முழுக் கூட்டமுமாகக் கடல் தாண்டிப் போக அந்த நீளம் பற்றாது. டர்பனுக்கு வடக்கே லா மெர்சியில் புது விமான நிலையம் கட்டும் வேலை 1970களிலேயே தொடங்கி 1982இல் நின்றுபோனது. நம் பாட்டன்மார் கரும்பு வெட்டிய அந்த வட்டாரத்தில், கிங் ஷாகா விமான நிலையம் 2010 மே 1 அன்று திறந்தது. அங்கே ஓடுபாதை 3,700 மீட்டர்.

இன்னொரு நல்ல விஷயம், அது கடலோரத்தில் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் இறக்கைக்கும் பிடிப்பு குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். அதனால்தான் அங்கே 4,400 மீட்டருக்கு ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். அப்படியும் கோடை மதியத்தில் நெடுந்தூரம் போகிற விமானம் சில டன் குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டி வரும். டர்பனில் அந்தக் கஷ்டம் பெரிதாக இல்லை. சரி, மண்ணும் காற்றும் நமக்குச் சாதகம். பிறகு என்ன தடை? இருக்கைக் கணக்குதான்.

நம் டர்பன் வார்விக் சந்தையில் காலையில் விற்காத கீரை மாலையில் பாதி விலைக்காவது போகும். விமானத்தில் காலியாகக் கிளம்பிய இருக்கையை எந்த விலைக்கும் விற்க முடியாது. ஆனால் எரிபொருள், சிப்பந்திகள் சம்பளம், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் புது ஊருக்கு வருகிற நிறுவனம், இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்காது. வாரத்துக்கு எத்தனை பேர், என்ன விலை கொடுத்து, எந்த மாதத்தில் போவார்கள் என்றுதான் கேட்கும்.

துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் 2009 அக்டோபரில் டர்பனுக்கு வந்தபோது ஏர்பஸ் ஏ330 கொண்டுதான் தொடங்கியது. கூட்டம் சேர்ந்த பிறகுதான் அதைவிடப் பெரிய போயிங் 777 வந்தது. அதில் 350க்கு மேல் இருக்கைகள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் 342 பேர். அத்தனை பேரும் ஒரே விமானத்தில் உட்கார்ந்துவிடலாம். அப்படிப்பட்ட விமானம் தினமும் நிரம்புகிறது என்றால், துபாய்க்குப் போகிறவர்களால் மட்டும் நிரம்பவில்லை. லண்டன், மும்பை, சென்னை, பாங்காக் என்று பல ஊர்ப் பயணிகளை ஒரே விமானத்தில் அள்ளிக்கொண்டு போய் அங்கிருந்து பிரித்து அனுப்புகிறார்கள்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2018 அக்டோபர் 29 அன்று லண்டனிலிருந்து நேராக டர்பனுக்கு வந்தது, வாரம் மூன்று நாள். ஜோஹானஸ்பர்குக்கு 469 இருக்கை கொண்ட ஏ380 ஓட்டிய அதே நிறுவனம், நமக்கு 214 இருக்கை கொண்ட 787-8 அனுப்பியது. அப்போது என் நண்பர்கள் சிலருக்கு வருத்தம். “டர்பன் என்றால் இளப்பமா?” என்றார்கள். நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்: அந்தச் சின்ன விமானம் இருந்ததால்தான் நேர் சேவையே வந்தது. வாரத்துக்கு மூன்று முறை 214 என்றால் 642 இருக்கை. அதை நிரப்ப முடியும் என்று நம்பித்தான் வந்தார்கள். ஏ380 மட்டுமே இருந்திருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். 2020இல் கொரோனாவோடு அந்தச் சேவை நின்றதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இப்போது சென்னைக்கு வருவோம். டர்பனிலிருந்து துபாய் சுமார் 6,600 கிலோமீட்டர். சென்னை நேர்கோட்டில் சுமார் 7,100. ஐந்நூறு கிலோமீட்டர்தான் கூடுதல்! ஆனால் நாம் துபாய் வரை போய், அங்கிருந்து இன்னொரு 2,900 கிலோமீட்டர் பறந்து சென்னை சேர்கிறோம். பாதி ராத்திரியில் துபாயில் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தூரத்துக்கு யார் போவார்கள்? டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். மார்கழி, தை, கோவில் தரிசனம், தி.நகரில் கல்யாணப் புடவை என்று போகும். கோவில் வேலைக்குச் சிற்பிகளும் குருக்களும் அங்கிருந்து வருவார்கள். வைத்தியத்துக்குப் போகிறவர்கள் உண்டு. பிப்ரவரியில்? மே மாதத்தில்? கூட்டம் மெலிந்துவிடும். பிசினஸ் கிளாஸில் மூன்று மடங்கு காசு கொடுத்து உட்காரும் கம்பெனி ஆட்களும் இந்தத் தடத்தில் குறைவு. இதற்கு 777 விட்டால் டிசம்பரில் நிரம்பும், மற்ற மாதங்களில் நஷ்டம் தின்னும், அடுத்த டிசம்பருக்குள் சேவையை நிறுத்திவிடுவார்கள்.

அதனால் நான் கேட்பது ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர். நடுவில் ஒரே நடைபாதை உள்ள ஒல்லியான விமானம். 8,700 கிலோமீட்டர் வரை போகும், 180, 200 பேர் வசதியாக உட்காரலாம். 2024 நவம்பரில்தான் இந்த ரகம் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியது. இந்தியாவின் இண்டிகோவும் ஆர்டர் கொடுத்திருக்கிறது. 180 இருக்கை, வாரம் மூன்று நாள் என்றால் 540 பேர். 777 தினமும் வந்தால் வாரத்துக்கு 2,400க்கு மேல் ஆள் வேண்டும். 540 என்பது நம்மால் முடிகிற எண்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தூரம் போவதற்காக, அந்த விமானத்தின் வயிற்றில் பின்பக்கம் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டி வைக்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும். நம் ஜனமோ குத்துவிளக்கு, பாத்திரம், மசாலா, புடவை என்று ஆளுக்கு இரண்டு பெட்டி கட்டுகிற ஜனம். 777 என்றால் பெட்டிகளுக்கு மேல் டன் கணக்கில் சரக்கும் ஏற்றிச் சம்பாதிக்கலாம். எக்ஸ்எல்ஆரில் அந்த வருமானம் கொஞ்சம்தான். ஆகவே டிக்கெட் விலை சற்றுக் கூடலாம், பெட்டி ஒன்று குறையலாம். அந்தப் பாட்டியம்மாவை நினைக்கிறபோது எனக்கே இது கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கிளம்பும் நேரத்தில் பெட்டியை இறக்குவதைவிட, டிக்கெட் வாங்கும்போதே ஒரு பெட்டிதான் என்று சொல்லிவிடுவது நேர்மை.

அப்புறம் நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கொஞ்சம் ராண்ட் மிச்சமாகும் என்று பலர் காரில் ஜோஹானஸ்பர்க் போய் அங்கிருந்து டிக்கெட் போடுகிறீர்கள். அந்தப் பயணம் ஜோஹானஸ்பர்க் கணக்கில்தான் ஏறும். விமான நிறுவனம் பார்ப்பது டிக்கெட் எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறது என்பதை. டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முடிந்தவர்கள் டர்பன் முதல் சென்னை வரை ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். வழியில் எங்கே மாறினாலும் பரவாயில்லை, அந்த எண் டர்பன் பெயரில் நிற்கும்.

நேர அட்டவணையைக்கூட நான் போட்டுப் பார்த்துவிட்டேன். பறக்கும் நேரம் சுமார் ஒன்பது மணி. சென்னையில் காலை 8 மணிக்குக் கிளம்பினால் நம் நேரம் மதியம் ஒன்றரைக்கு இங்கே இறங்கும். மாலை 5 மணிக்குத் திரும்பக் கிளம்பினால் சென்னையில் விடியற்காலை ஐந்தரை. திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஒரே விமானம் ஒரு நாளுக்குள் போய் வந்துவிடும். நடுவில் டர்பனில் தரையில் நிற்பது மூன்றரை மணி நேரம். சுத்தம் செய்ய, சாப்பாடு ஏற்ற, எரிபொருள் நிரப்ப, லோட் ஷீட் போட அது தாராளம்.