மலையிறங்கிப் போன ரத்தம்

(கோத்தகிரியில் கல்லூரி மாணவர்களும் கிராம சுகாதாரத் தன்னார்வலர்களும் கூடியிருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மழை வலுத்துவிட்டது. தகரக் கூரைச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், குரலை உயர்த்திப் பேசுகிறேன்.

என்னை ஆராய்ச்சியாளர் என்று அறிமுகம் செய்தார்கள். நான் லேப் டெக்னீஷியன். இருபத்தெட்டு வருடமாக இந்த மலையில் ரத்தம், சளி, தண்ணீர் என்று எது கொண்டுவந்து கொடுத்தாலும் பரிசோதித்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்த ஆய்வுக் குழுக்களுக்கு வழி காட்டியும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றே ஒன்றைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். மலையில் எடுத்த மாதிரி கீழே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதன் முடிவு மேலே ஏறி வருவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சரிவில் ஓர் இருளர் ஊர். சமவெளியிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்திருந்தார்கள். பலாமரத்தடியில் மேசை போட்டோம். ஊரே வரிசையில் நின்றது. கடைசியாக ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். ரத்தம் எடுத்து முடித்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்து, "அம்மிணி, என் ரத்தத்துல என்ன இருக்குதுன்னு எப்ப வந்து சொல்லுவே?" என்று கேட்டார். "ரெண்டு மாசத்துல வந்துருவேன் பாட்டி" என்றேன். அந்தக் குழுவின் தலைவர் என்னிடம் சொல்லியிருந்ததைத்தான் சொன்னேன்.

ஐஸ் பெட்டி ஜீப்பில் ஏறியது. அதோடு சரி. இரண்டு முறை கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. பல வருடம் கழித்து ஓர் ஆய்விதழில் அந்த ஊரைக் கண்டேன். ஊருக்குப் பெயர் இல்லை, ஓர் எழுத்துதான். ஆட்களுக்குப் பெயர் இல்லை, விழுக்காடுதான். அதற்குள் பாட்டி காலமாகிவிட்டார். அவருடைய பேரன் கை கால் குடைச்சல் என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தான். வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு இருந்தது சிக்கிள் செல் நோய், பெற்றோர் வழியாக வருகிற ரத்த நோய். அன்றைக்கு அந்தப் பலாமரத்தடியில் எடுத்த ரத்தத்தில் அவனுடைய ரத்தமும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்த நோயின் வரலாற்றில் நம் மலைக்கு ஓர் இடம் உண்டு. வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இதை ஒரு மூலக்கூற்றின் நோய் என்று சொன்னது 1949இல். மூன்றே வருடத்தில், 1952இல், லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் சிக்கிள் செல் கூறு, அதாவது இந்த நோயைத் தரும் மரபணு, இருப்பதை எழுதினார்கள். அதே வருடம் மேல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்த நோய் உண்டு என்று மருத்துவ உலகம் தெரிந்துகொண்டதில் நம் மக்களின் ரத்தத்துக்கு முதல் பங்கு உண்டு. 1952க்கும் அந்தப் பலாமரத்துக்கும் இடையே நாற்பது வருடத்துக்கும் மேல். அத்தனை காலம் அந்தச் சரிவுகளில் குழந்தைகள் மூட்டு வலியில் அழுதுகொண்டிருந்தன, காரணம் சொல்ல ஆளில்லை.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கம்பி போல நீள்கிறது. வட்டத் தட்டு போல இருந்து நெளிந்து போக வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது. அதுதான் வலி. நீர் வற்றினாலும் காய்ச்சல் வந்தாலும் குளிர் தாக்கினாலும் வலி கிளம்பும். மார்கழிக் குளிரில் நம் ஆஸ்பத்திரிகளில் இந்தப் பிள்ளைகளைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

தாய், தந்தை இருவரிடமும் இந்தக் கூறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தக் குழந்தை நோயாளி இல்லை, கூறைச் சுமப்பவர், அவ்வளவுதான். அப்படிச் சுமப்பவர்களுக்குக் கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு என்று 1954இல் அல்லிசன் என்ற மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். மலையடிவாரக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்தவர்களிடம் இது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். இதை நான் எல்லா ஊரிலும் சொல்வேன். "எங்க ரத்தம் கெட்ட ரத்தமா?" என்று கேட்பவர்களிடம், உங்கள் பாட்டன் பூட்டனைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய ரத்தம் இது என்று சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

முதல் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் ஏதும் வேண்டாம். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி கரைசல், அதில் ஒரு துளிக்கும் குறைவான ரத்தம். ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் சிக்கிள் கூறு இல்லை. கலங்கிப்போய்க் கோடு மறைந்தால் இருக்கிறது. நோயா, கூறு மட்டுமா என்பதை இது சொல்லாது, அதற்கு அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கும் இது ஒத்துவராது. ஆனாலும் எனக்கு இந்தக் குழாய் மேல் தனிப் பிரியம். தாயின் கையிலேயே கொடுத்து, "கோடு தெரியுதாம்மா?" என்று கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் பிள்ளையின் முடிவைத் தன் கண்ணால் படித்துவிடுகிறார்.

குன்னூரிலும் இதே கதை வேறு விதமாக நடந்திருக்கிறது. பாஸ்டர் நிறுவனம் 1907இல் அங்கே தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். அதே வளாகத்தில் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல், உணவில் சத்துக் குறைவதால் வருகிற பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பஞ்சாபிச் சாப்பாடு, மதராஸ் சாப்பாடு என்று இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் தின்ற எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. தீட்டிய அரிசியை நம்பிய நம் மதராஸ் எலிதான் இளைத்துப்போனது. மெக்காரிசனின் அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத் போய், பின்னால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

1929இல் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் சில மாதம் குன்னூருக்கு வந்து வேலை பார்த்தார். பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அவர்கள் தேறுவதைக் கண்டார். அதில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பிற்பாடு தெரிந்தது. இன்று நம் கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கிற மாத்திரையில் இரும்போடு அதுவும் இருக்கிறது. சிக்கிள் செல் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாத்திரைகளிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. பம்பாயில் எடுத்த ரத்தத்தின் முடிவு சரிவிலிருக்கிற ஓர் இருளப் பிள்ளையின் கையில் மாத்திரையாக வந்து சேர்ந்திருக்கிறது. அது எனக்கு ஆறுதல். அதற்கு எத்தனை வருடம் ஆனது என்பது ஆறுதல் இல்லை.

கொடைக்கானலில் கேள்வியே மக்களிடமிருந்துதான் கிளம்பியது. அங்கே அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒரு பாதரச வெப்பமானி ஆலை இருந்தது. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் உடைந்த வெப்பமானிக் கண்ணாடி குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழலியல் அமைப்பினரும் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. விஞ்ஞானிகள் மரத்துப் பாசியிலும் கல்பாசியிலும், பிறகு ஏரி மீனிலும் பாதரசத்தை அளந்து எழுதினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் விடவில்லை. 2016இல் அவர்களில் 591 பேருக்கும் ஆலை நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து வருடம். உடம்பில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அவர்களுடையது. அதனால்தான் பதில் வரும்வரை வாசலில் நின்றார்கள்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டில் சோதனை உண்டு. நம் நாட்டு விஞ்ஞானி மஞ்சாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்டது. மருந்தில் ஊறிய தாள் ஒன்று பாட்டிலுக்குள் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், கிருமி இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகி, தாளிலுள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். மின்சாரம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். ஏழை நாட்டுக்கு என்றே செய்த சோதனை.

ஊட்டிக்கு மேற்கே ஒரு படுகர் ஊரில் ஊற்றுத் தண்ணீரைச் சோதிக்கப் போனோம். டிசம்பர் மாதம், புல்லெல்லாம் உறைபனி. பாட்டில்களைப் பள்ளிக்கூட ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. "தண்ணி நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினோம்.

பலாமரத்தடிப் பாட்டிக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம். போன ஊருக்கு மறுபடி போவோம். பிப்ரவரியில் போனபோது ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஓர் அம்மா என்னிடம் வந்து, கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்: "நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னதால கொதிக்க வைக்கிறதை விட்டுட்டோம் அக்கா."

அந்தச் சோதனைக்கு 30 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும். சமவெளி வெயிலில் அது தானாகக் கிடைக்கும். ஊட்டி டிசம்பர் இரவில் கிருமியும் விறைத்துக் கிடக்கும், பாட்டில் கறுக்காது. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் வீட்டிலேயே, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கிற பரணில் புதுப் பாட்டில்களைக் கம்பளியில் சுற்றி வைத்தோம். மறுநாள் மதியத்துக்குள் மை போலக் கறுத்துவிட்டது. ஊர்ப் பெரியவர்களோடு ஊற்றுக்கு மேலே ஏறிப் பார்த்தோம். மேட்டில் புதிதாகக் கட்டிய கழிவறைகளின் உறிஞ்சுகுழிகள், மழை பெய்தால் ஊற்றுக்கண் பக்கமே வடியும்படி இருந்தன.

நாங்கள் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஊற்று ஏதோ ஓர் அட்டவணையில் "பாதுகாப்பானது" என்று இன்றும் இருந்திருக்கும். முடிவைத் திருப்பிச் சொல்வதை ஆய்வு முடிந்த பிறகு காட்டுகிற மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஆய்வின் ஒரு பகுதி. முடிவு சரியா தவறா என்று தெரிவதே அந்த வாசலில்தான்.

திருப்பிச் சொல்வதிலும் பக்குவம் வேண்டும். ஓர் ஊரில் சிக்கிள் செல் முடிவுகளைப் பெயரோடு கூட்டத்தில் வாசித்துவிட்டார்கள். கூறு மட்டும் இருந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோனது. தண்ணீரின் முடிவை ஊர் நடுவில் சொல்லுங்கள். ரத்தத்தின் முடிவை உரியவர் காதில், அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் அந்த மக்களிலிருந்தே வந்த செவிலியர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசியச் சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. மனதார வரவேற்கிறேன். ஆனால் 7 கோடிப் பரிசோதனை என்றால் 7 கோடிப் பதிலும் போய்ச் சேர வேண்டும். இங்கிருக்கிற மாணவர்களில் யாராவது நாளைக்கு ஆய்வுத் திட்டம் எழுதினால், திரும்பிப் போவதற்கான ஜீப் வாடகையைப் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதுங்கள். ஒப்புதல் படிவத்தில் எந்த மாதம், யார் வந்து சொல்வார் என்று எழுதுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் ஆய்வின் பலன் அந்த மக்களைச் சேர வேண்டும் என்றே சொல்கின்றன. கேட்பவர்களிடம் அதைக் காட்டலாம்.

வருகிற சனிக்கிழமை அந்தப் படுகர் ஊருக்கு மறுபடி போகிறோம். உறிஞ்சுகுழிகளை இடம் மாற்றியிருக்கிறார்கள், ஊற்றைப் பார்க்க வேண்டும். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவோம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், பாட்டில்களைச் சுற்றி வைக்க வீட்டில் பழைய கம்பளி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.