மதியம் ஒன்றரைக்கும் இரவு ஒன்றரைக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி, பங்குனியில் நம் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி வழியாக ராத்திரி பஸ்ஸில் வருகிறவர்கள் சில நாள் பார்த்திருப்பீர்கள். பொய்கை அணைக்கு மேலே, மலைச்சரிவில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து ஏறும். கீழே இருந்து பார்க்க வேடிக்கைதான். மேலே பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அணைக்கிற வனக்காவலருக்குத்தான் அதன் சூடு தெரியும்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையில் ஈரம் உண்டு. கிழக்கே வரவர மழை குறையும், மரம் குறையும், இடுப்பளவு புல் காய்ந்து நிற்கும். புல்லில் பிடித்த தீக்கு ஆயுசு குறைவு, ஓட்டம் அதிகம். குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட புல் சரிவில் பிற்பகலில் ஓடிய தீதான்.

காட்டுத்தீயை வானத்திலிருந்து பார்ப்பது புதிதல்ல. டேராடூனில் உள்ள மத்திய அரசின் இந்திய வன அளவை நிறுவனம் (FSI) 2004 முதலே செயற்கைக்கோள் தகவலை வாங்கி மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது. வெயிலில் காய்கிற பாறை அதிகமாக வீசுவது 10 மைக்ரான் அலைநீளத்து வெப்பக்கதிர் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எரிகிற புல் 3, 4 மைக்ரானில் வீசும். அந்த அலைநீளத்தில் பார்த்தால் சின்னத் தீகூடப் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் இரண்டு. ஒன்று, இடம். இப்போது பெரிதும் நம்பியிருக்கிற, செயற்கைக்கோளிலிருந்து வெப்பத்தைப் படமெடுக்கும் விர்ஸ் கருவிக்கு, படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் எங்கோ தீ என்றால், மலையில் எந்த ஓடை வழியாக ஏறுவது? இரண்டாவது, நேரம். அந்தக் கருவியைச் சுமந்த செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரையை ஒட்டி, பிறகு இரவு ஒன்றரையை ஒட்டி. மூன்று மணிக்குப் பிடித்து ஒன்பது மணிக்கு அணைந்த தீ கணக்கிலேயே வராது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட்-3டிஆர் போன்ற வானிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கொரு படம் தரும், உண்மைதான். ஆனால் அதன் புள்ளி 4 கிலோமீட்டர். நம் புல்தீ அதில் தப்பிவிடும்.

இந்த இடைவெளிக்குத்தான் சிறிய செயற்கைக்கோள்கள். தாழ்வாகப் பறப்பவை, ஒன்றிரண்டு போதாது, கூட்டமாக வேண்டும். ஜெர்மனியின் ஓரோராடெக் நிறுவனம் செருப்புப் பெட்டி அளவில் செய்து 2022 முதல் அனுப்பி வருகிறது. ஃபயர்சாட் என்ற திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் 2025 மார்ச்சில் போனது. 50க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் சேர்ந்தபின், 5 மீட்டருக்கு 5 மீட்டர் தீயை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதே அந்தத் திட்டத்தின் நோக்கம். நம்மூர்க் கணக்கில் அது அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இதில் நமக்கும் ஒரு உறவு இருக்கிறது. தீயைக் கண்டுபிடிக்கவென்றே ஜெர்மனி செய்த பேர்ட் 2001இலும், பிரோஸ் 2016இலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வியில்தான் ஏறின. அந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குக்கான விகாஸ் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம் நம் எல்லையை ஒட்டிய மகேந்திரகிரி. காட்டுத்தீ ஓடும் அதே மலைத்தொடர்!

ஆனால் 20 நிமிடம் என்ற பேச்சில் நான் மயங்கவில்லை. மேகம் மூடினால் இந்தக் கண்ணும் மறையும். தோவாளை வட்டாரத்துச் செங்கல் சூளையையும் அது தீ என்றே சொல்லும். சூளைகளின் இருப்பிடத்தை முன்கூட்டியே பட்டியலில் குறித்து நாம்தான் கழிக்க வேண்டும். எல்லாம் சரியாக வந்தாலும், குறுஞ்செய்தி போய்ச் சேர வேண்டியவர் கைபேசியில் சிக்னல் இல்லாத சரிவில் நிற்பார். அவருக்கு வாக்கிடாக்கியும், ஜனவரியிலேயே வெட்டிய தீத்தடுப்புக் கோடும், கூட நாலு ஆளும் கொடுக்காமல் வானத்தில் 50 கண் வைத்து என்ன பயன்? எனக்குக் கையில் பணம் கொடுத்தால் முதலில் இதற்குத்தான் செலவழிப்பேன்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. டேராடூன் நிறுவனத்தின் தீ எச்சரிக்கை அதிகாரிகளுக்கு மட்டுமல்ல. பொதுமக்களும் இணையத்தில் கைபேசி எண்ணைப் பதிந்து பெறலாம். புகையை நீங்களே பார்த்தால் செய்திக்குக் காத்திருக்க வேண்டாம், 101க்கு அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.