பாதுகாப்புக்கு எடுத்த கடன் எது?

நேயர்களே, வணக்கம்.

திருமலையில் (திருகோணமலையில்) இருந்துகொண்டு பாதுகாப்புச் செலவைப் பற்றிப் பேச அத்தாட்சி தேடி அலையத் தேவையில்லை. சீனக்குடாப் பக்கம் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடம் அது.

அதற்கு ஐந்து வருடம் முந்தி, 1937இல், பிரித்தானிய நாடாளுமன்றம் பாதுகாப்புக் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. நிதியமைச்சர் நெவில் சேம்பர்லேன், ஐந்து வருடத்துக்குள் 400 மில்லியன் பவுண் வரை கடன் எடுக்க அனுமதி கேட்டார். 1939இல் அந்த எல்லை 800 மில்லியனாக ஏறியது. திருமலைச் சனத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது வேறு கதை. ஆனால் கடன் எதற்கு, எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்ற மூன்றும் சட்டத்திலேயே எழுதியிருந்தன.

வருடச் செலவுக்கு நாடாளுமன்றம் நிறைவேற்றும் எங்கள் ஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். இலங்கைக்கு உள்ளேயோ வெளியேயோ இன்ன தொகைக்கு மேற்படாமல் கடன் பெறலாம் என்று ஆரம்பத்திலேயே இருக்கும். எதற்கு என்று இருக்காது. அட்டவணையில் பாதுகாப்பு அமைச்சின் செலவு தனியாக வரும். அதில் எவ்வளவு கடன் காசு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

2007இல், சண்டை உச்சத்தில் இருந்தபோது, அரசு முதன்முறையாகச் சர்வதேசச் சந்தையில் முறி, அதாவது கடன் பத்திரம், விற்று 500 மில்லியன் டொலர் எடுத்தது. உட்கட்டமைப்புக்கு என்றார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். வீதிக்குக் கடன் கிடைத்தால், வீதிக்கென்று வைத்த வரிப்பணம் வேறு செலவுக்கு மிஞ்சும்தானே?

கடன் கொடுப்பவர்கள் வெளிநாட்டவர் மட்டுமல்ல. துறைமுகத்திலோ மாவாலையிலோ வேலை செய்பவரின் ஊழியர் சேமலாப நிதியில் பெரும்பகுதி திறைசேரி முறிகளில்தான் கிடக்கிறது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது அந்த நிதியமும் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்க வேண்டி வந்தது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை அதில் சேர்க்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

வரவு செலவுத் திட்டம் வந்ததும் எல்லோரும் பால்மா விலையையும் சம்பள உயர்வையும்தான் தேடுகிறோம், நானும்தான். இம்முறை, அமைச்சு அமைச்சாகச் செலவை ஆராயும் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் நாள் வரும்போது, எங்கள் மாவட்டத்தின் நான்கு உறுப்பினர்களில் ஒருவராவது எழும்பிக் கேட்கட்டும்: இந்த வருடக் கடன் எல்லையில் பாதுகாப்புக்குப் போவது எவ்வளவு?