கார் போர்ச்சில் விரிசலா? சிமெண்ட் பூசிவிடாதீர்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டுக் கடை வீடியோ இல்லை. கோலாலம்பூர் செத்தாபாக்கில் நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். வீட்டுச் சுவருக்கும் கார் போர்ச்சுக்கும், அதாவது வாசலில் கார் நிறுத்தும் தரைக்கும், நடுவே இந்த இடைவெளி. சாவி வாங்கி 20 மாதம் ஆகிறது. அன்றைக்கு இங்கே ஒரு தாள்கூட நுழைந்திருக்காது. இப்போது என் சுண்டுவிரல் போகிறது.

அம்மா பார்த்ததும், "வீடு விழுந்திடுமா ஐயா?" என்றார். விழாது. இறங்குவது வீடு இல்லை, போர்ச். வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் தெரஸ் வீடுகள் பலவற்றில் வீட்டுக்கு மட்டும்தான் பைலிங், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள், அடித்திருப்பார்கள். போர்ச்சும் பின்பக்கச் சிமெண்ட் தரையும் சும்மா மண்மேல் உட்கார்ந்திருக்கும். கொட்டி நிரப்பிய மண் போகப்போக இறுகும், தரையும் கூடவே இறங்கும். பக்கத்துத் தித்திவங்சா ஏரியே பழைய ஈய லம்பம்தானே, ஈயம் தோண்டிய சுரங்கக் குழி! நம் தாமானுக்கு, இந்தக் குடியிருப்புக்கு, அடியில் என்ன இருக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்தாதது, இவை வேறு கதை. அதற்குப் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டைக் கட்டி விற்ற டெவலப்பரின் ஆளுக்கு வாட்சாப்பில் படம் அனுப்பினேன். வந்தார்கள், சிமெண்டை அப்பினார்கள், போனார்கள். மூன்றே மாதத்தில் மறுபடி வாய் திறந்துவிட்டது. நகர்கிற இடத்தில் சிமெண்ட் எப்படி நிற்கும்? இழுபடக்கூடிய சீலண்ட், ரப்பர் மாதிரி இடைவெளியை அடைக்கும் பசை, வைக்க வேண்டும். இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே போய் மண்ணை அரிக்கும், கீழே போகும் குழாயும் உடையலாம்.

அப்புறம்தான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். டெவலப்பரிடம் நேரடியாக வாங்கிய வீட்டுக்குச் சாவி கொடுத்ததிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்பு அவர்களுடையது. எழுத்தில் புகார் கொடுத்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். வாட்சாப்பை நம்பாமல் படங்களோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். அதற்கும் அசையவில்லையென்றால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். அந்த 24 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

சரி, இப்போது பின்னால் வாருங்கள். இது நானே நீட்டிக் கட்டிய சமையலறை. "பைலிங் எதுக்கு பாஸ், காசு மிச்சம்" என்றார் கன்ட்ராக்டர், நானும் தலையாட்டினேன். புதுச் சுவரைப் பழைய சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அது இறங்க இறங்கப் பழைய சுவரை இழுக்கிறது, பாருங்கள், டைல்ஸ் வரிசையாக வெடித்திருக்கிறது. இதற்கு டெவலப்பரைத் திட்ட முடியாது. இது முழுக்க என் தப்பு.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். வாசலில் இன்றைய அளவு 14 மில்லிமீட்டர். அடுத்த மாதம் இதே தேதியில் மறுபடி அளந்து காட்டுகிறேன். மழை இறங்கிவிட்டது, துணி எடுக்கணும்.